ரெண்டுல மாத்தி செத்தோம், மூணுல மாத்தி பிழைச்சோம்: ப்ரூட்டலஸ் கிட்ட ஒரு ரெய்டு குரூப் மாட்டின கதை

எந்த கேம், எப்போ, யாரெல்லாம்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், பல பேர் சேர்ந்து ஆன்லைன்ல ஆடுற கேம், அதோட பழைய பதிப்பைத் திரும்ப விட்ட பர்னிங் க்ரூசேட் கிளாசிக். 2021 ஜூன்ல அது திரும்ப வந்துச்சு, அதோட கடைசி ரெய்டான, அதாவது பெரிய குரூப்பா உள்ள போய் சண்டை போடுற இடமான, சன்வெல் ப்ளேட்டோ 2022 மே மாசம் திறந்தாங்க. ஒரிஜினலா அந்த ரெய்டு வந்தது 2008 மார்ச்ல, பேட்ச் 2.4. ஆறு பாஸ், அதாவது பெரிய வில்லன், 25 பேர் போகணும். மொத பாஸ் கலெக்காஸ், ரெண்டாவது ப்ரூட்டலஸ். இந்த ரெண்டாவது ஆளுதான் கில்டை, அதாவது சேர்ந்து ஆடுற குழுவை, உடைக்கிறவன்னு அப்பவே பேர் வாங்கினவன், ஏன்னா இவன்கிட்ட வித்தை எதுவும் கிடையாது, அறை மாறாது, குட்டி பசங்க வர மாட்டாங்க, நின்ன இடத்துல நின்னு அடிப்பான், நீ தாங்கணும், ஆறு நிமிஷத்துக்குள்ள அவனை முடிக்கணும், அவ்ளோதான்.

எங்க குரூப் ஓஷியானியா சர்வர்ல ஹோர்டு பக்கம் (கேம்ல இருக்குற ரெண்டு அணியில ஒண்ணு). ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், அங்கங்க ரெண்டு மூணு இந்தியா ஆளுங்க. சிங்கப்பூர் நேரம் ராத்திரி எட்டரைக்கு ரெய்டு, இங்க நமக்கு சாயங்காலம் ஆறு மணி. நான் ரெஸ்டோ ஷாமன், அதாவது ஹீலர், மத்தவங்க உயிரை ஏத்துறவன். மெயின் டாங்க், அதாவது பாஸோட அடியை முன்னாடி நின்னு வாங்குறவர், ஒரு ப்ரொடெக்‌ஷன் பாலடின், அவர்தான் ரெய்டு லீடரும், பெர்த்ல இருக்கார். ரெண்டாவது டாங்க் ஒரு கரடி, அதாவது ஃபெரல் ட்ரூயிட், சிங்கப்பூர் தமிழ் தம்பி, என்னை அண்ணேன்னு கூப்பிடுவான். பேர் யாருதும் போடல, தேவையும் இல்ல. புதுசா ரெய்டு நடத்துறவங்களுக்கு உதவுமேன்னு ஆரம்பத்துல இருந்து எழுதி வைக்கிறேன், எங்க தப்பையும் சேர்த்துத்தான்.

பாஸ் என்ன பண்ணுவான்

இது புரிஞ்சாதான் மீதி புரியும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல மீட்டியர் ஸ்லாஷ். சுமார் 11 செகண்டுக்கு ஒரு தரம், தன் முன்னாடி கூம்பு மாதிரி ஒரு வெட்டு. மொத்தம் 20,000 நெருப்பு டேமேஜ், ஆனா அது அந்த கூம்புக்குள்ள நிக்கிற எல்லாருக்கும் பங்கு பிரிஞ்சு போகும். பத்து பேர் நின்னா ஆளுக்கு 2,000. ஒருத்தன் மட்டும் நின்னா 20,000-மும் அவனுக்கே. அதோட ஒவ்வொரு வெட்டும் பட்டவன் மேல ஒரு ஸ்டாக், அதாவது அடுக்கடுக்கா சேர்ற பாதிப்பு, ஏத்தும், ஒரு ஸ்டாக்குக்கு நெருப்பு டேமேஜ் 75 சதவீதம் கூடும், 40 செகண்ட் இருக்கும், அடுத்த வெட்டு பட்டா அந்த 40 மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ரெண்டு தரம் படிங்க, எங்க மூணு ராத்திரி இதுலதான் போச்சு.

ரெண்டாவது ஸ்டாம்ப். 30 செகண்டுக்கு ஒரு தரம் டாங்கை ஒரு மிதி, பலமான அடி, கூடவே 10 செகண்டுக்கு ஆர்மர் பாதியாகும். அந்த பத்து செகண்ட்ல சாதாரண அடியே டாங்கை சாச்சிடும். மூணாவது பர்ன். யாரோ ஒருத்தர் மேல தீ, 60 செகண்ட், ஆரம்பத்துல கொசுக்கடி மாதிரி இருக்கும், போகப்போக இரட்டிச்சுக்கிட்டே போய் கடைசில ஆளைத் தின்னுடும், ஒட்டி நிக்கிறவனுக்கும் தொத்தும். ஆறு நிமிஷம் ஆனா பெர்சர்க், அதாவது வெறி பிடிச்சு எல்லாரையும் கொன்னுடுவான், அதோட கதை முடிஞ்சுது. இவனுக்கு உயிர் ஒரு கோடிக்கு மேல. வெறும் ஒரு கோடின்னே வெச்சு 360 செகண்டால வகுத்தாலும் செகண்டுக்கு 27,777 வருது, 25 பேரும் சேர்ந்து ஒரு செகண்ட் கூட சும்மா இருக்காம அதைக் குடுக்கணும்.

இது போக அந்த ரெய்டு முழுக்க சன்வெல் ரேடியன்ஸ்னு ஒண்ணு இருக்கும், டாங்கோட டாட்ஜ், அதாவது அடியில இருந்து விலகித் தப்பிக்கிற வாய்ப்பு, 20 சதவீதம் குறையும். நம்ம கரடி வாழ்றதே டாட்ஜ்ல, அவனுக்கு உள்ள வந்தவுடனே பாதி உயிர் போன மாதிரிதான்.

ஏற்பாடு எல்லாரும் பண்றதுதான். ரெண்டு டாங்க், ரெண்டு குரூப். பாஸை மூலையா வெச்சு எல் எழுத்து மாதிரி ஒரு கையில பாலடினும் ஒன்பது பேரும், இன்னொரு கையில கரடியும் ஒன்பது பேரும். ஐந்து மெலீ ஆளுங்க, அதாவது கிட்ட நின்னு அடிக்கிறவங்க, மட்டும் எதிர் மூலையில, பாஸ் முதுகுக்குப் பின்னாடி. பாஸ் பாலடின் பக்கம் பாத்து வெட்டும்போது அந்த பத்து பேர் பங்கு போட்டுக்குவாங்க, கொஞ்ச நேரத்துல கரடி டாண்ட் போட்டு தன் பக்கம் திருப்புவான், அப்போ இந்தப் பத்து பேர் மேல இருக்குற ஸ்டாக் கழிஞ்சு போகும். ஊர் கூடித் தேர் இழுக்குற கணக்குதான், ஒரே வித்தியாசம், ரெண்டு வடம், மாத்தி மாத்தி இழுக்கணும்.

மொத வாரம்

கலெக்காஸை ரெண்டாவது நாள் முடிச்சோம். அன்னைக்கே ப்ரூட்டலஸ் கிட்ட பத்து புல், அதாவது பத்து முயற்சி. அப்போ திட்டம் மூணு வெட்டுக்கு ஒரு தரம் மாத்துறதுதான், எல்லா இடத்துலயும் அப்படித்தான் சொல்லியிருந்தாங்க, ஏன் மூணுன்னு எங்கள்ல யாரும் கேக்கல. கேட்டிருந்தா இந்த எழுத்தே தேவைப்பட்டிருக்காது.

மூணாவது புல்ல மூணாவது வெட்டு விழும்போது பாலடினும் கூட நாலு பேரும் செத்தாங்க. அடுத்ததுலயும் அதே. வாய்ஸ்ல எல்லாரும் ஹீலர் பக்கம் திரும்பினாங்க, எங்களுக்கும் குத்த உணர்ச்சி, செயின் ஹீல் மூணு பேர் மேலதான் தாவும், பத்து பேர் ஒரே நேரத்துல அடி வாங்கினா எத்தனை தாவல் பத்தும்னு நாங்களும் சாக்கு சொல்லிக்கிட்டோம்.

ரெய்டு லீடர் அந்த பிரேக்ல ஒரு முடிவு சொன்னார். மூணாவது வெட்டுலதான சாகுறோம், அப்போ ரெண்டோட மாத்திடலாம், மூணாவது வெட்டை யாருமே வாங்க வேண்டாம். கேக்குறதுக்கு எவ்ளோ நியாயமா இருக்கு பாருங்க. ஒருத்தர் கூட எதிர்த்துப் பேசல. நானும்தான். பாதுகாப்பா இருக்கலாம்னு எடுத்த முடிவு, அதைத் தப்புன்னு நினைக்க யாருக்கும் தோணாது.

மீதி ஆறு புல்லும் ரெண்டு வெட்டுக் கணக்குலதான் போச்சு. மொத ஒண்ணரை நிமிஷம் ரொம்ப சுகமா இருந்துச்சு, எல்லாரும் சந்தோஷமா, இதோ கண்டுபிடிச்சுட்டோம்னு. ரெண்டரை நிமிஷம் வாக்குல பாலடின் குரூப் மொத்தமா சரிஞ்சு விழுந்துச்சு. ஒவ்வொரு தரமும், கிட்டத்தட்ட அதே நேரத்துல.

ரெண்டாவது வாரம் மொத நாள்

ஒரு வாரம் எல்லாரும் கியர் பாத்தாங்க, என்சான்ட் மாத்தினாங்க, நெருப்பு அடியைக் குறைக்க ஷாமனோட ஃபயர் ரெசிஸ்டன்ஸ் டோட்டமா பாலடின் ஆராவான்னு பேசினோம், ரெண்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு சேராதுன்னு தெரிஞ்சுக்கிட்டோம், ஹீலரை ஏழுல இருந்து எட்டாக்கினோம். எட்டு ஹீலரோட ஏழு புல். ரெண்டரை நிமிஷம் ரெண்டே முக்கால் ஆச்சு, அதுக்கு மேல நகரல. அன்னைக்கு டேமேஜ் வேற குறைஞ்சு போச்சு, உயிரோட இருந்திருந்தாலும் பெர்சர்க்ல செத்திருப்போம்.

கரடித் தம்பி அன்னைக்கு ரெய்டு முடிஞ்சதும் தனியா கூப்பிட்டான்.

“அண்ணே, எனக்கு ஒண்ணு இடிக்குது. ஆறு புல்லா பாக்குறேன், என் டர்ன் வரும்போது என் மேல பழைய ஸ்டாக் அப்படியே இருக்கு. ரெண்டு போட்டுக்கிட்டு போறேன், திரும்பி வரும்போதும் ரெண்டு இருக்கு. கழியவே மாட்டேங்குது.”

“40 செகண்ட்ல கழியணுமேடா.”

“கழியணும். கழியலண்ணே.”

லாக்ல என்ன இருந்துச்சு

காம்பாட் லாக்கை, அதாவது சண்டையில நடந்ததெல்லாம் நேரத்தோட பதிவாகுற கோப்பை, திறந்து பாத்தோம். ரெண்டு பேரும் ஒரே புல்லை எடுத்துக்கிட்டு ஒரு தாள்ல நேரம் எழுத ஆரம்பிச்சோம், நான் ஒரு பழைய கரண்ட் பில்லுக்குப் பின்னாடி எழுதினேன், இன்னும் வெச்சிருக்கேன்.

வெட்டு 11 செகண்டுக்கு ஒண்ணு. பாலடின் குரூப் 11, 22-ல வாங்குது. மாத்துறோம். கரடி குரூப் 33, 44-ல வாங்குது. மாத்துறோம். இப்போ பாலடின் குரூப்புக்கு அடுத்த வெட்டு 55-ல. அவங்க கடைசியா வாங்கினது 22. இடைவெளி 33 செகண்ட். ஸ்டாக் இருக்குறது 40 செகண்ட்.

பேனாவைக் கீழ வெச்சுட்டேன். ஏழு செகண்ட் பத்தல. ஏழே செகண்ட்.

ரெண்டுல மாத்தினா ஸ்டாக் என்னைக்குமே கழியாது. மூணு ஆகுது, நாலு ஆகுது, அடுத்த சுத்துல அஞ்சு, ஆறு. பத்து பேர் நிக்கும்போது மொத வெட்டு ஆளுக்கு 2,000, ஒரு ஸ்டாக்கோட ரெண்டாவது 3,500. ரெண்டாவது சுத்துல 5,000-மும் 6,500-மும். மூணாவது சுத்துல 8,000, 9,500. நாலாவது சுத்து 11,000-ல ஆரம்பிக்கும், இரும்புக் கவசம் இல்லாம வெறும் துணி போட்ட மேஜும் பிரீஸ்டும் அதை எங்க தாங்குறது. அந்த நாலாவது சுத்து வர்றது 143-வது செகண்ட்ல. ரெண்டு நிமிஷம் 23 செகண்ட். நாங்க ஒவ்வொரு தரமும் சரிஞ்சது அங்கதான். எட்டாவது ஹீலர் வாங்கிக் குடுத்தது அந்தக் கால் நிமிஷம்தான்.

மூணுல மாத்தினா? கடைசியா வாங்கினதுல இருந்து எதிர் குரூப் மூணு வெட்டு வாங்குது, அடுத்து நமக்கு வரும்போது 44 செகண்ட் ஆயிருக்கும். 40-ல கழிஞ்சாச்சு. ஒவ்வொரு சுத்தும் 2,000, 3,500, 5,000, அதுக்கு மேல ஏறவே ஏறாது, ஆறு நிமிஷத்துக்கும் அதேதான். மூணுன்னு ஊரெல்லாம் சொன்னதுக்குக் காரணம் இதுதான். வேணும்னா ஒரு தரம் தவறி நாலு கூட வாங்கலாம், நாலாவது 6,500, வலிக்கும், ஆனா அடுத்த சுத்துல கழிஞ்சுடும். ஒண்ணு லேட்டாப் போனா ஒரு தரம் வலி, ஒண்ணு சீக்கிரம் போனா கடன் வட்டி போட்டுக்கிட்டே போகும்.

அப்போ மொத வாரம் மூணுல மாத்தும்போது ஏன் செத்தோம்? அந்த மூணாவது புல்லையும் எடுத்துப் பாத்தோம். மூணாவது வெட்டு விழுந்தப்போ கூம்புக்குள்ள ஆறே பேர். 20,000-ஐ ஆறால வகுத்தா 3,333, ரெண்டு ஸ்டாக் மேல அது 8,333. பாலடினுக்கு அதோட சாதாரண அடியும் சேர்ந்து விழுது. மீதி நாலு பேர் எங்க போனாங்கன்னா, ரெண்டு பேருக்கு பர்ன், அவங்க ஓடினது சரி. ஒரு மேஜ் வெட்டு வர்றதைப் பாத்து பக்கத்துல தள்ளிக்கிட்டான். இன்னொருத்தர் ஹீலர், அவரும் அதே. தள்ளினவங்களைத் திட்ட மனசு வரல, எல்லா பாஸ்கிட்டயும் முன்னாடி நிக்காதேன்னு சொல்லியே வளத்துட்டு இவன்கிட்ட மட்டும் முன்னாடி போய் நில்லுன்னா கால் கேக்காது. அந்த ஹீலர் யாருன்னா நான்தான். எட்டாவது ஹீலர் வேணும்னு வாய்ஸ்ல சத்தம் போட்டதும் நான்தான்.

மூணுக்குத் திரும்பினது

ரெய்டு லீடர் கிட்ட தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்ல. அப்புறம் ஒரே வரி, அடுத்த நாள் மூணு. தன் முடிவைத் தானே மாத்துறதுக்கு அவர் மூஞ்சி சுளிக்கல, இதை ஏன் சொல்றேன்னா பல கில்டுல விஷயம் இந்த இடத்துலதான் சண்டையாகி முடியும்.

மறுநாள் ஏழு புல். ரெண்டு விதி போட்டோம். வெட்டு விழுறதுக்கு முன்னாடி பர்ன் இல்லாத எவனும் கூம்பை விட்டு நகரக் கூடாது, உயிர் கொஞ்சம்தான் இருக்குன்னு தோணினாலும் கூட. எண்ணுற வேலை டாங்க் ரெண்டு பேருக்கும் இல்லாம ஒரே ஆளுக்கு, அது கரடித் தம்பி. டாங்க் ஒவ்வொருத்தனும் தனித்தனியா எண்ணினா ஒருத்தன் ரெண்டுன்னுவான் ஒருத்தன் மூணுன்னுவான்.

மொத புல்லே மூணரை நிமிஷம் தாண்டிச்சு. அதுவரைக்கும் நாங்க பாக்காத இடம்.

அங்க இன்னொண்ணு தெரிஞ்சுது. எல் வடிவம் நேரம் ஆக ஆகக் கோணலாகும், எல்லாரும் ஒரு அடி ஒரு அடியா மூலைப் பக்கம் நகர்ந்து வருவாங்க, ஒரு வெட்டு ரெண்டு குரூப் மேலயும் படும். அது பங்குக்கு நல்லதுதானேன்னு ஒருத்தர் கேட்டார், நியாயமான கேள்வி. பங்கு குறையும், சரி, ஆனா ஓய்வுல இருக்க வேண்டிய குரூப்போட 40 செகண்ட் மறுபடி ஆரம்பிச்சுடும். ரெண்டு குரூப்புக்கும் தரையில ஒரு ஃப்ளேர் போட்டு குறி வெச்சோம், ஹண்டர் ரெண்டு பேர் அந்த வேலையைப் பாத்துக்கிட்டாங்க.

ஒரு வார்லாக் அக்ரோ இழுத்து, அதாவது பாஸோட கவனத்தைத் தன் மேல இழுத்து, அவனை எதிர் குரூப் பக்கம் திருப்பினதும் இதே கணக்குல வர்ற தப்புதான். தூரத்துல இருந்து அடிக்கிறவன் டாங்கோட த்ரெட்ல (பாஸுக்கு யார் மேல எவ்ளோ கோவம்ங்கற கணக்கு) 130 சதவீதம் தாண்டணும், தாண்டினான், அதைக் குறைக்குற சால்வேஷன் ப்ளெஸ்ஸிங் விட்டுப் போயிருந்துச்சு. அதுக்கு மேல அதைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல.

மிதி

மூணு நிமிஷம் தாண்டினதும் டாங்க் சாக ஆரம்பிச்சாங்க, எப்பவும் ஸ்டாம்புக்கு அப்புறம். மறுபடி அந்தத் தாள்தான்.

ஸ்டாம்ப் 30 செகண்டுக்கு ஒண்ணு, நாங்க மாத்துறது 33 செகண்டுக்கு ஒண்ணு. மொத ஸ்டாம்ப் 30-ல விழுது, 33-ல மாத்திடுறோம், அடி வாங்கின டாங்க் மூணு செகண்ட்தான் பாதி ஆர்மரோட நிக்கிறான். ரெண்டாவது 60-ல, மாத்துறது 66-ல, ஆறு செகண்ட். மூணாவது 90-ல, மாத்துறது 99-ல, ஒன்பது செகண்ட். நாலாவது 120-ல, பத்து செகண்டும் முழுசா அவன் தலையில. அதாவது ஆரம்பத்துல வர்ற ரெண்டு மிதியும் கிட்டத்தட்ட இலவசம், நாங்க என்ன பண்ணிட்டு இருந்தோம்னா அந்த ரெண்டுக்குத்தான் பெயின் சப்ரெஷன், போஷன் எல்லாத்தையும் கொட்டிட்டு இருந்தோம், மூணாவதுக்கும் நாலாவதுக்கும் கை காலி.

ஸ்டாம்ப் விழுந்தவுடனே மாத்திடலாமேன்னு ஒரு யோசனை வந்துச்சு, பல குரூப் அப்படியும் பண்றாங்க. நாங்க வேண்டாம்னோம். அப்படிப் பண்ணா சில சுத்து ரெண்டு வெட்டுல மாறிடும், பழைய குழி. எண்ணிக்கை மாறாது, கூல்டவுன், அதாவது ஒரு தரம் போட்டா மறுபடி போட காத்திருக்க வேண்டிய சக்திங்கதான், இடம் மாறும்னு முடிவு பண்ணி மூணாவது மிதியில இருந்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் எழுதினோம். மூணாவதுக்கு பிரீஸ்டோட பெயின் சப்ரெஷன், அது அடியை 40 சதவீதம் குறைக்கும், 8 செகண்ட். நாலாவதுக்கு அயர்ன்ஷீல்டு போஷன், 2,500 ஆர்மர். அஞ்சாவதுக்கு ரெண்டு பேர் முன்கூட்டியே பெரிய ஹீலைக் காஸ்ட் பண்ணி வெச்சிருக்கணும். இப்படியே போகும்.

இன்னொரு இடைஞ்சல், பாலடினோட டாண்ட். அந்தக் காலத்து பாலடினுக்கு நேரா பாஸ் மேல போடுற டாண்ட் கிடையாது, ரைட்டியஸ் டிஃபென்ஸ்னு ஒண்ணு, அடி வாங்குற நண்பன் மேல போடணும், 15 செகண்ட் கூல்டவுன். டாண்ட் எல்லாமே சில நேரம் ரெசிஸ்ட் ஆகும், அதாவது பாஸ் மேல வேலை செய்யாது. கரடியோட க்ரௌல் ரெசிஸ்ட் ஆனா 10 செகண்ட்ல திரும்பப் போடலாம், நாலாவது வெட்டுக்கு முன்னாடி தப்பிச்சுக்கலாம். பாலடினுது ரெசிஸ்ட் ஆனா கரடி குரூப் நாலாவதை வாங்கியே ஆகணும். அதனால பாலடின் எடுக்குற டர்ன்ல மட்டும் மூணாவது வெட்டு விழுந்ததும் அந்தப் பக்க ஹீலர்ங்க எல்லாரும் நாலாவது வரும்னு நினைச்சே தயாரா இருக்கணும். இதைச் சொல்லி வெச்சதால, அடுத்த வாரம் ரெண்டு தரம் ரெசிஸ்ட் ஆனப்பவும் குரூப் சரியல.

தீ பிடிச்சவங்க

இதுல ஒரு யோசனை நான் சொன்னது, தோத்துப் போச்சு. கூம்பு நீளமானது, பர்ன் தொத்துறது ஒட்டி நிக்கிறவனுக்கு மட்டும், அதனால பர்ன் வந்தவன் வெளிய ஓடாம கூம்புக்குள்ளயே பின்னாடி தள்ளி நின்னா பங்கு போடுற ஆளும் குறையாது, தொத்தவும் தொத்தாது. கேக்க நல்லா இருந்துச்சு. நான் மறந்தது, பர்னும் நெருப்பு டேமேஜ். வெட்டு ஏத்துற ஸ்டாக் நெருப்பு டேமேஜைக் கூட்டும். ரெண்டு ஸ்டாக்கோட பர்ன் கடைசிக் கட்டத்தைப் புடிச்சப்போ ரெண்டு ஹண்டர் கண் முன்னாடி ஆவியா போயிட்டாங்க.

அப்புறம் பர்ன் வந்தவன் ரெண்டு கூம்புக்கும் வெளிய போய்த்தான் ஆகணும்னு வெச்சோம். மேஜுக்கு ஐஸ் ப்ளாக் இருக்கு, பாலடின் ஹீலருக்கு டிவைன் ஷீல்டு இருக்கு, அதைப் போட்டு அணைச்சுட்டு உடனே வரிசைக்கு வந்துடணும். டாங்குக்கு பர்ன் வந்தா பதற வேண்டாம், அடுத்த ஸ்டாம்ப் அதை எடுத்துடும், அந்த மிதியில இருக்குற ஒரே நல்லது அதுதான். ஒரு குரூப்ல எட்டு பேருக்குக் கீழ போற மாதிரி இருந்தா மட்டும் பின்னாடி நிக்கிற மெலீல ரோக் ஒருத்தர் முன்னாடி வந்து ஒரு வெட்டுக்கு நின்னுட்டுப் போவார். எட்டு பேர்னா 2,500, மூணாவது வெட்டு 6,250. தாங்கும்.

எட்டு, ஏழு, ஆறு

பங்கு சரியா விழ ஆரம்பிச்சதும் ஹீலர் கையில மானா (மந்திரம் போடச் செலவாகுற சக்தி) மிச்சம் இருந்துச்சு. அன்னைக்குக் கடைசி புல் அஞ்சு நிமிஷம் 20 செகண்ட் வரைக்கும் போய் பாஸ்கிட்ட இன்னும் நிறைய மிச்சம். ஹீலரைக் குறைக்கணும்னு ரெய்டு லீடர் சொன்னப்போ ஹீலர் சேனல்ல சூடு பறந்துச்சு. போன வாரம் ஹீலர் பத்தலன்னு எங்களைத் திட்டினவங்க இந்த வாரம் ஜாஸ்திங்கறாங்கன்னு ஒருத்தர் வெளிய போறேன்னு கிளம்பிட்டார், அவரைச் சமாதானப்படுத்த ஒரு மணி நேரம் ஆச்சு. அவர் கேட்டதுல தப்பில்ல. திட்டினதுக்கு வெளிப்படையா மன்னிப்புக் கேட்டிருக்கணும், அதை நாங்க லேட்டாத்தான் பண்ணோம்.

ஆறு ஹீலரோட போறதுன்னு முடிவாச்சு. ரெண்டு ஹீலர் டேமேஜ் ஸ்பெக்குக்கு மாறினாங்க, அதுல ஒருத்தர் எலிமென்டல் ஷாமனா வந்தார். ஷாமன் போடுற ப்ளட்லஸ்ட், அதாவது வேகமா அடிக்க வைக்கிற மந்திரம், அந்த கேம்ல தன் பார்ட்டி அஞ்சு பேருக்கு மட்டும்தான் வேலை செய்யும், அதனால அவரை மேஜ், வார்லாக் பார்ட்டிக்குள்ள தள்ளினோம்.

விழுந்த நாள்

மூணாவது வாரம், அன்னைக்கு நாலாவது புல். கரடித் தம்பி எண்ணிட்டு இருந்தான், எப்பவும் இங்கிலீஷ்லதான் எண்ணுவான். நாலு நிமிஷம் தாண்டினதும் பதட்டத்துல தன்னை அறியாம தமிழுக்கு வந்துட்டான், “ஒண்ணு… ரெண்டு… மூணு, மாத்து!” பெர்த்காரருக்கு என்ன புரிஞ்சுதோ, கரெக்டா டாண்ட் போட்டார்.

அஞ்சு நிமிஷம் பத்து செகண்ட்ல பாலடினோட டாண்ட் ரெசிஸ்ட் ஆச்சு, கரடி குரூப் நாலாவது வாங்குச்சு, தயாரா இருந்தாங்க, ஒரு வார்லாக் மட்டும் போனான். அஞ்சரைல ஒரு மெலீக்கு பர்ன், தெரிஞ்சே ஓடாம கடைசி வரைக்கும் அடிச்சு செத்தார், அந்த நேரத்துல அது சரியான முடிவுதான், பக்கத்துல இருந்தவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டுத்தான் அதைப் பண்ணார். அஞ்சு நிமிஷம் 48 செகண்ட்ல ப்ரூட்டலஸ் விழுந்தான். நாலு பேர் தரையில. வாய்ஸ்ல யார் கத்தினா என்னன்னு ஒண்ணும் புரியல, என் வீட்டுல பக்கத்து ரூம்ல இருந்து என்ன ஆச்சுன்னு வந்து பாத்தாங்க.

அடுத்த வாரம் ரெண்டாவது புல்ல விழுந்தான். அதுக்கடுத்து மொத புல். மூணாவது பாஸ் ஃபெல்மிஸ்ட் வேற கதை.

திரும்பப் பண்ணா என்ன மாத்துவோம்

மொதல்ல, ஒரு எண்ணைக் கேட்டவுடனே அது ஏன் அந்த எண்ணுன்னு கேப்போம். மூணுங்கறது 11-க்கும் 40-க்கும் நடுவுல இருந்து வந்தது. வேற கேம், வேற பாஸ்னா எண்ணு மாறும், ஃபைனல் ஃபேன்டஸி 14 மாதிரி கேம்ல கூட சேர்ந்து நின்னு பங்கு போட்டுக்குற அடி ஏகப்பட்டது வரும், அங்கயும் எத்தனை பேர், எவ்ளோ நேரம் இருக்கும், அடுத்தது எப்போங்கற மூணு கேள்விதான். புல் பண்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் தாள்ல எழுதிப் பாத்தா போதும்.

ஒரே நேரத்துல திரும்பத் திரும்ப வைப் ஆனா, அதாவது குரூப் மொத்தமா செத்தா, அது ஆள் தப்பா இருக்காது, கணக்குத் தப்பா இருக்கும். ஆள் தப்புன்னா ஒரு தரம் ஒரு நிமிஷத்துல சாவோம், ஒரு தரம் மூணுல. எங்களுக்கு ஆறு தரமும் ரெண்டரை. அதைப் பாத்தவுடனே ஹீலரைத் திட்டுறதை விட்டுட்டு லாக்கைத் திறந்திருக்கணும், திறந்தது அடுத்த வாரம்.

செத்தவன் எப்படி செத்தான்னு பாக்குறதோட, அந்த வெட்டுல எத்தனை பேர் நின்னாங்கன்னு ஒவ்வொரு புல்லுக்கும் அப்புறம் ஒருத்தர் பாக்கணும். இப்போ எங்ககிட்ட அது ஒரு தனி வேலை, மாத்தி மாத்திப் பாக்குறோம். இந்த மாசம் என் முறை. புதுசா வந்த ஒரு ப்ரீஸ்ட் போன வாரம் ரெண்டு தரம் கூம்பை விட்டுத் தள்ளி நின்னார், பொதுவுல சொல்லாம தனியா மெசேஜ் போட்டு அந்தக் கரண்ட் பில் போட்டோவை அனுப்பி வெச்சேன்.